நாடு கிடைக்கும் முன்பே நாட்டின் தலைவர்



இந்த மாத சுவர் இதழில் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று தமிழ் அம்மா சொன்னபோது, நான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயரைக் கொடுத்தேன். தலைப்பையும் அப்போதே சொல்லிவிட்டேன். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. குடியரசுத் தலைவர் பட்டியலில் முதல் பெயர் ராஜேந்திர பிரசாத். பிரதமர் பட்டியலில் முதல் பெயர் நேரு. இதில் நேதாஜி எங்கே இருக்கிறார், அவர் எந்த நாட்டுக்குத் தலைவர் என்று என் தோழி கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியல. முகம் வாடிப் போச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆயாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் நேதாஜி படம் ஒன்று பழுப்பேறிப் போய் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். அது ஆயாவின் அப்பா, அதாவது என் கொள்ளுத் தாத்தா, மாட்டிய படமாம். அவர் நேதாஜியின் படையில் இருந்தவராம்! அன்று ராத்திரி ஆயா சொன்னதையும், அப்புறம் நூலகத்தில் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டாக்கில் பிறந்த பிள்ளை

1897-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி ஒரிசாவில் (இப்போது ஒடிசா) கட்டாக் நகரில் சுபாஷ் பிறந்தார். அப்பா ஜானகிநாத் போஸ் பெரிய வக்கீல். அம்மா பிரபாவதி. மொத்தம் 14 பிள்ளைகள், இவர் ஒன்பதாவது! வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. முதலில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பள்ளியில் படித்தார். அப்புறம் ராவென்ஷா பள்ளியில் சேர்ந்தார். அங்கே பேனி மாதவ தாஸ் என்ற தலைமை ஆசிரியர்தான் இவர் மனதில் நாட்டுப்பற்றை விதைத்தவர். ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. (ஆசிரியர்கள் கவனிக்கவும்!)

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது 1916-ல் ஒரு சம்பவம். ஓட்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் இந்திய மாணவர்களை மரியாதை இல்லாமல் நடத்தினார் என்று கோபப்பட்ட மாணவர்கள் அவரைத் தாக்கிவிட்டார்கள். விசாரணையில் சுபாஷ் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் படிப்பு நின்று போனது. பிறகு வேறு கல்லூரியில் சேர்ந்து, 1919-ல் தத்துவப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறினார்.

கலெக்டர் ஆகியிருக்க வேண்டியவர்

நம்ம வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டித்தான் நம்மில் பாதிப் பேர் தினமும் பள்ளிக்கு வருகிறோம். அந்தப் பெரிய கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாமும் ஒருநாள் அங்கே உட்கார மாட்டோமா என்று ஆசை வரும். அந்தக் காலத்தில் அப்படி உட்கார ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும். அதற்கு லண்டன் போக வேண்டும். 1919-ல் போன சுபாஷ், எட்டு மாதம் போலத் தயார் செய்து 1920-ல் தேர்வு எழுதினார். நான்காவது இடம்!

ஆனால் 1921 ஏப்ரலில் அந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு வேலை செய்துகொண்டே அந்த அரசாங்கத்தை எதிர்க்க முடியாது என்பது அவர் முடிவு. வீட்டில் வருத்தப்பட்டார்கள். கிடைக்காததை வேண்டாம் என்று சொல்வது சுலபம். கையில் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். அப்போது அவருக்கு வயது 24.

சிறை, மேயர், மறுபடி சிறை

இந்தியா திரும்பியதும் காந்தியடிகளைப் பார்த்தார். பிறகு கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ் அவர்களிடம் சேர்ந்து காங்கிரசில் வேலை செய்தார். 1924-ல் பிடித்து பர்மாவில் உள்ள மாண்டலே சிறையில் போட்டார்கள். 1927-ல் விடுதலையாகி வெளியே வரும்போது காச நோயோடு வந்தார். 1930-ல் கல்கத்தா மேயர் ஆனார். 1932-ல் மறுபடியும் சிறை. அந்த முறை சில காலம் நம்ம சென்னைச் சிறையிலும் இருந்தார். வாழ்நாளில் மொத்தம் 11 முறை சிறை.

1938-ல் ஹரிபுராவில் காங்கிரஸ் தலைவர் ஆனார். 1939-ல் மறுபடி நின்றார். காந்தியடிகள் ஆதரித்த பட்டாபி சீதாராமய்யாவை 1,580-க்கு 1,377 என்ற கணக்கில் ஜெயித்தார். ஆனால் மற்ற பெரிய தலைவர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்ய முன்வரவில்லை. அதே ஏப்ரலில் ராஜினாமா செய்தார். பிறகு பார்வர்டு பிளாக் தொடங்கினார்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி அவர் சென்னை மெரினா கடற்கரையில் பேசிக்கொண்டு இருந்தார். கூட்டம் சுமார் 2 லட்சம். பேசிக்கொண்டு இருக்கும்போதே ஒருவர் மாலைப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிவிட்டது என்ற செய்தி! எதிரி வேறு பக்கம் மாட்டிக்கொண்ட இந்த நேரம்தான் நமக்கு நேரம் என்று அவர் நினைத்தார். அந்தப் பயணத்தில் மதுரைக்கும் போனார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவருக்குத் துணையாக இருந்தார்.

மாறுவேடம்

1940-ல் மறுபடி கைது. சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செத்துவிடுவார் என்று பயந்து வீட்டுக்கு அனுப்பி, சுற்றிலும் போலீஸ் காவல் போட்டார்கள். 1941 ஜனவரி 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, முகமது ஜியாவுதீன் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேஷத்தில் வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் போஸ்தான் கார் ஓட்டினார். கோமோ ரயில் நிலையத்தில் ஏறி பெஷாவர் போனார். அங்கிருந்து காபூல் போகும் வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மாட்டிக்கொள்வார். அந்தப் பக்கத்து பஷ்டூ மொழி அவருக்குத் தெரியாது. அதனால் காது கேளாத, வாய் பேசாத ஆள் மாதிரி நடித்தார்! அப்புறம் ஒரு இத்தாலிக்காரர் பெயரில் பாஸ்போர்ட் வாங்கி, மாஸ்கோ வழியாக 1941 ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் உதவி கேட்டுப் போனது ஹிட்லரின் ஜெர்மனிக்கு. ஹிட்லர் என்ன செய்தவன் என்று நமக்கு வரலாற்றுப் பாடத்திலேயே இருக்கிறது. 1942 மே மாதம் ஒரே ஒரு முறை ஹிட்லரைச் சந்தித்தார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலி நடத்தினார். ஜெர்மானியர்களிடம் போர்க் கைதிகளாக இருந்த இந்தியச் சிப்பாய்களை வைத்து சுமார் 3,000 பேர் கொண்ட படையைச் சேர்த்தார். நேதாஜி என்ற பெயர் வந்ததும் அங்கேதான்.

கடலுக்கு அடியில் மூன்று மாதம்

ஆஸ்திரியாவைச் சேர்ந்த எமிலி அவர் மனைவி. 1942 நவம்பரில் அவர்களுக்கு அனிதா என்ற பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1943 பிப்ரவரியில் அவர் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் ஏறினார். கூட வந்தவர் ஆபித் ஹசன் என்ற ஐதராபாத் இளைஞர். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு மூலமாக ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறினார்கள். மே 6-ஆம் தேதி சுமத்ரா பக்கத்தில் சபாங் தீவில் கரை ஏறினார்கள். அந்தக் குழந்தையை அவர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

சிங்கப்பூரும் நம்ம ஊர்க்காரர்களும்

இனிமேல்தான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது.

அந்தக் காலத்தில் நம்ம வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கத்திலிருந்து ஏராளமான பேர் பிழைப்புத் தேடி மலேயா போனார்கள். என் கொள்ளுத் தாத்தாவும் அவருடைய அண்ணனும் அப்படிப் போனவர்கள்தான். மழை பொய்த்துப் போச்சு, கடன் ஏறிப் போச்சு, கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பல் ஏறிட்டாங்க என்று ஆயா சொன்னாங்க. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுற வேலை. விடியற்காலை இருட்டில் கிளம்ப வேண்டும். லயத்தில் ஒரே அறையில் வாசம்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கைதிகள் ஆனார்கள். அவர்களை வைத்து மோகன் சிங் என்பவர் இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கினார். ஜப்பானியரோடு தகராறு வந்து, அந்த வருஷக் கடைசியிலேயே அது கலைந்து போனது. அப்போதுதான் நேதாஜி வருகிறார். 1943 ஜூலை 4-ல் ராஷ் பிகாரி போஸ் தன் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். மறுநாள் நேதாஜி படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார்.

அவர் ராணுவப் பள்ளியில் படித்தவர் இல்லை. கல்லூரியில் கொஞ்சம் பயிற்சி, 1928 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர் படைத் தலைவர், அவ்வளவுதான். ஆனாலும் தேர்ந்த சிப்பாய்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், சிப்பாய் அல்லாதவர்களையும் அவர் கூப்பிட்டார். தோட்டத் தொழிலாளி, மளிகைக் கடைக்காரர், குமாஸ்தா, வீட்டுப் பெண்கள் எல்லாரையும். அவர் இந்துஸ்தானியில் பேசுவார், கூடவே தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வார்கள்.

என் கொள்ளுத் தாத்தா ஒரு கூட்டத்தில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தாராம். அதுவரைக்கும் கங்காணியும் துரையும் அவரை ஏவித்தான் பழக்கம். உன்னால் ஆகும், நீ வா என்று ஒரு பெரிய மனுஷன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாம். இதைச் சொல்லும்போது ஆயா குரல் தழுதழுத்தது.

1943 அக்டோபர் 21

தோழி கேட்ட கேள்விக்குப் பதில் இந்தத் தேதியில் இருக்கிறது.

அன்று சிங்கப்பூர் கேத்தே சினிமா அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ஆசாத் ஹிந்த் அரசு என்று பெயர். நேதாஜிதான் நாட்டின் தலைவர், பிரதமர், போர் அமைச்சர், வெளியுறவு அமைச்சர். உறுதிமொழி படிக்கும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கண்ணீர் வந்து, கொஞ்ச நேரம் படிக்க முடியாமல் நின்றார். மந்திரி சபையில் ஒரே பெண் நம்ம சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், அதாவது கேப்டன் லட்சுமி.

இந்த அரசை ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி, பர்மா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் உட்பட 9 அரசுகள் அங்கீகரித்தன. எல்லாமே ஜப்பான், ஜெர்மனி பக்கம் நின்றவை, இல்லையென்றால் அவர்கள் கைக்குள் இருந்தவை. அரசுக்கு வங்கி இருந்தது, படை இருந்தது, கொடி இருந்தது. ஜெய் ஹிந்த் என்ற வணக்கம் இருந்தது. நிலம்தான் இல்லை!

நிலம் இல்லாத அரசுக்கு யார் குடிமக்கள்? நூலகப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மலேயாவில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்த அரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெண்கள் கழுத்துச் சங்கிலியையும் காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூரில் ஜானகி தேவர் என்ற இளம்பெண் தன் நகைகளைக் கொடுத்துவிட்டுப் படையிலேயே சேர்ந்துவிட்டார். என் கொள்ளுத் தாத்தாவிடம் நகை ஏது? ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுச் சேர்ந்தார்.

பயிற்சி முகாமில் எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. எந்த மதம், எந்த சாதி என்று யாரும் கேட்கக் கூடாது. ஊரில் வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவருக்கு அங்கே பஞ்சாபிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு. கொள்ளுத் தாத்தா கடைசி வரைக்கும் சண்டையைப் பற்றிப் பேசியதைவிட அந்தப் பந்தியைப் பற்றிப் பேசியதுதான் அதிகமாம்.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஆயாதான் எழுது என்று சொன்னாங்க.

அதே நேரத்தில் ஜப்பானியர்கள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று அதற்குப் பெயர். போர்க் கைதிகளோடு, மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் ஆயிரம் ஆயிரமாக அழைத்துப் போனார்கள். சிலரை ஆசை காட்டி, பலரை வலுக்கட்டாயமாக. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணனை லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

அந்த ரயில் பாதை இரண்டு பக்கமும் சேர்ந்து முடிந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜி நாட்டின் தலைவரானது அக்டோபர் 21. நடுவில் நாலே நாள்! அண்ணனைக் கொன்றது ஜப்பான் ராணுவம். தம்பி சேர்ந்த படைக்கு அரிசியும் துப்பாக்கியும் தந்தது அதே ஜப்பான் ராணுவம். இதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று ஆயாவிடம் கேட்டேன். ஏத்துக்கல, ஆனா படத்தையும் இறக்கல என்றுதான் ஆயா சொன்னாங்க. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்குப் படையல் போடுவாராம். அண்ணன் படம் ஒன்றுகூட இல்லை. அதனால் அந்த நேதாஜி படத்துக்குக் கீழேயே இலை போடுவாராம்.

கஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அங்கே செத்த நம்ம தோட்டத் தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு பெயர்க்கல் இல்லை. இந்தச் சுவர் இதழைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தமானில் ஏறிய கொடி

1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி அந்தமானில் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமான், நிக்கோபார் தீவுகளை ஜப்பான் அவர் அரசுக்குக் கொடுத்ததாக அறிவித்திருந்தது. ஷஹீத், ஸ்வராஜ் என்று புதுப் பெயர் வைத்தார். நிர்வாகம் பார்க்க ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்ற அதிகாரியை அனுப்பினார்.

ஆனால் உண்மையில் அதிகாரம் ஜப்பானியர் கையில்தான் இருந்தது. போலீஸைத் தர மறுத்துவிட்டார்கள். லோகநாதன் கைக்கு வந்தது கல்வித் துறை மட்டும்தான். நேதாஜி வந்தபோது செல்லுலார் சிறையில் தீவு மக்கள் பலர் ஒற்றர் என்ற பொய்க் குற்றச்சாட்டில் சித்திரவதை அனுபவித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களை அவர் சந்திக்கவில்லை. அவர் திரும்பிப் போன ஒரே மாதத்தில், 1944 ஜனவரி 30-ல், ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். நாட்டின் தலைவர் என்ற பெயர் இருந்தது, மக்களைக் காப்பாற்றும் பலம் இல்லை. இதுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்ப வலிக்கும் இடம்.

இம்பால் போனதும், திரும்பியதும்

1944 ஜனவரியில் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார். மார்ச்சில் ஜப்பான் படையும் இந்திய தேசிய ராணுவமும் இந்திய எல்லைக்குள் நுழைந்தன. ஏப்ரல் 14-ல் மணிப்பூரில் மொய்ராங் என்ற ஊரில் கர்னல் ஷௌகத் மாலிக் கொடி ஏற்றினார். இந்திய மண்ணில் தொடும் தூரத்தில் இம்பால்! ஆனால் இம்பால் விழவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, விமானம் இல்லை. சண்டையில் செத்தவர்களைவிட, திரும்பி நடக்கும்போது பசியிலும் நோயிலும் செத்தவர்களே அதிகம்.

பெண்களுக்கென்று ஜான்சி ராணி படை இருந்தது. கேப்டன் லட்சுமிதான் தலைவி. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயாத் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள்! 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை வந்தபோது, அந்தப் பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நான் கிளம்ப மாட்டேன் என்று நேதாஜி பிடிவாதம் பிடித்தார். ஏப்ரல் 24-ல் அவர்களோடு கிளம்பினார். மேலே எதிரி விமானம், கீழே சேறு. கார் இருந்தும் பல மைல் அவர்களோடு நடந்தார். காலெல்லாம் கொப்புளம். தோற்றுப்போன நேரத்தில் ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பார்த்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும்.

ரங்கூனில் இருந்த இந்தியர்களைக் கொள்ளையிலிருந்து காக்க சுமார் 5,000 வீரர்களை லோகநாதன் தலைமையில் விட்டுவிட்டுப் போனார். என் கொள்ளுத் தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெள்ளைக்காரர்கள் வந்ததும் பிடிபட்டார். 1946-ல் விட்டார்கள். காய்ச்சலோடும் ஒரு கித்தான் பையோடும் ஊர் வந்து சேர்ந்தார். பிடிபடும் முன்பே பயந்துபோய் எல்லாக் காகிதத்தையும் மண்ணில் புதைத்துவிட்டாராம். அதனால் தியாகி பென்சன் கேட்க அவரிடம் ஒரு சான்றும் இல்லை.

விமானம்

1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி பார்மோசாவில் (இன்றைய தைவான்) தைஹோகு விமான நிலையத்தில் கிளம்பிய உடனே விமானம் விழுந்து தீப்பிடித்தது. பலத்த தீக்காயத்தோடு அன்று இரவே நேதாஜி இறந்தார். வயது 48. அவருடைய அஸ்தி டோக்கியோவில் ரென்கோஜி என்ற கோயிலில் வைக்கப்பட்டது.

பலர் இதை நம்பவில்லை. இந்திய அரசு மூன்று முறை விசாரணை வைத்தது. முதல் இரண்டும் விமான விபத்தில்தான் இறந்தார் என்றன. 2005-ல் முடிந்த மூன்றாவது விசாரணை அதை மறுத்தது. ஆனால் அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை. என் கொள்ளுத் தாத்தாவும் ரொம்ப வருஷம் அவர் வருவார் வருவார் என்றே சொல்லிக்கொண்டு இருந்தாராம்.

தோற்றும் ஜெயித்தது

1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். நாடே ஒன்றாகக் கொதித்தது. பூலாபாய் தேசாய் வாதாடினார். நேருவும் பல வருஷம் கழித்து வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு போய் நின்றார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தும் 1946 ஜனவரியில் அவர்களை விட்டுவிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ச்சி செய்தார்கள். இனி இந்தியச் சிப்பாயை நம்பி இந்தியாவை ஆள முடியாது என்று வெள்ளைக்காரர்களுக்குப் புரிந்துபோச்சு.

என் பதில்

தோழியே, நீ கேட்டது சரியான கேள்விதான். பட்டியலில் நேதாஜி பெயர் இல்லை. அவர் இந்தியாவை ஒரு நாள்கூட ஆளவில்லை. அவர் அரசு இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. துணைக்குப் பிடித்த கைகளும் சுத்தமான கைகள் இல்லை. அதற்கான விலையை என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் மாதிரி ஆட்களும், அந்தமான் மக்களும் கொடுத்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது அவருக்கே பெருமை இல்லை.

ஆனாலும் அவரை நாட்டின் தலைவர் என்றுதான் நான் எழுதுவேன். ஏனென்றால் கூலி என்று மட்டும் கூப்பிடப்பட்ட ஒரு மனுஷனை முதல் முதலாகக் குடிமகன் என்று கூப்பிட்டவர் அவர். என் கொள்ளுத் தாத்தா வைத்த கைநாட்டுக்கு ஒரு நாடு மதிப்புக் கொடுத்தது. இந்தியாவில் எல்லா மக்களுக்கும் ஓட்டுரிமை வருவதற்கு முன்னாலேயே, கடல் தாண்டி ஒரு தோட்டத்தில் அது நடந்தது.

இப்போது ஆயா அந்தப் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் காகிதம் ஒட்டச் சொன்னாங்க. அண்ணன் பெயரையும் தம்பி பெயரையும் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் மலேயா, பர்மா போய் வந்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கே பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை அடுத்த இதழில் எழுதுங்கள்.

ஜெய் ஹிந்த்!

உங்களுக்குத் தெரியுமா?

★ 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்துப் போட்டியிட்டவர் நேதாஜியின் மந்திரி சபையில் இருந்த அதே கேப்டன் லட்சுமிதான். 2012-ல் மறைந்தார்.

★ நகையைக் கழற்றிக் கொடுத்த ஜானகி தேவருக்கு 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

★ நேதாஜி வைக்க நினைத்த பெயர்களை 2018-ல் அந்தமானில் இரண்டு தீவுகளுக்கு வைத்தார்கள். நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது, ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு ஆனது.

★ 2021 முதல் ஜனவரி 23 பராக்கிரம தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி,
வேங்கிக்கால்.